அலகைத் தாங்கும் பொறி: மடக்குக் கத்தி உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மடக்குக் கத்தியைக் கருவியாக மதித்துச் சட்டைப்பையிலும் தோள்பையிலும் சுமந்து செல்வோருக்கும், அரமும் சாணைக்கல்லும் கொண்டு அதைத் தம் கைக்கு ஏற்றவாறு மாற்றியமைப்போருக்கும், தம் முதல் கத்தியை வாங்க எண்ணியிருக்கும் இளையோருக்கும் இம்மடல்.

பழம் நறுக்குதல், கயிறு அறுத்தல், பெட்டியின் ஒட்டுநாடாவைக் கீறுதல், செடிக்கு ஒட்டுக் கட்டுதல், மரத்துண்டைச் செதுக்குதல் ஆகிய அன்றாட வேலைகளுக்கு மடக்குக் கத்தியைப் போல எளிதில் உடன்வரும் கைக்கருவி வேறில்லை என்பதும், உரோமானியர் காலத்திலேயே இத்தகைய கத்திகள் புழங்கின என்பதற்கு ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் சான்றுகள் உள்ளன என்பதும் இம்மடலைப் படிப்போர் பலரும் அறிந்தவையே. ஆயினும், எஃகின் வகையையும் பிடியின் அழகையும் நுணுக்கமாக அறிந்தவர்கள் கூட, திறந்த அலகை எது பிடித்து நிறுத்துகிறது என்ற கேள்விக்குத் தெளிவான விடை தெரியாமல் இருப்பது உண்டு. விரலைக் காப்பது அந்தப் பொறிதான். சட்டம் ஒரு கத்தியை ஆராயும்போது நீளத்தோடு சேர்த்துப் பார்ப்பதும் அந்தப் பொறியைத்தான். ஆகவே, கத்தியின்மேல் அரத்தை வைக்கும் முன்னரும், அதைப் பையிலிட்டு வாசல் தாண்டும் முன்னரும், அலகைத் தாங்கும் பொறியை உரிமையாளர் முழுமையாக அறிந்திருக்க வேண்டும் என்பதே இம்மடல் முன்வைக்கும் வேண்டுகோள். கீழே வருபவை அனைத்தும் அந்த வேண்டுகோளுக்கான காரணங்கள்.

மடக்குக் கத்தியின் உறுப்புகள் சிலவே. வெட்டும் பகுதி அலகு எனவும், அது பிடிக்குள் பொருந்தியிருக்கும் தடித்த அடிப்பகுதி அலகடி எனவும், அலகும் பிடியும் சேருமிடத்தில் இரண்டையும் துளைத்துச் செல்லும் ஆணி சுழலாணி எனவும் இம்மடலில் குறிக்கப்படுகின்றன. இவ்வுறுப்புகள் எல்லாக் கத்திகளுக்கும் பொதுவானவை என்றாலும், திறந்த அலகை நிறுத்தி வைக்கும் முறையில் கத்திகள் மூன்று வகைப்படுகின்றன: வெறும் உராய்வால் நிற்பவை, முதுகுவில்லின் அழுத்தத்தால் நிற்பவை, பூட்டால் நிற்பவை. இவற்றோடு, அலகைத் திறக்கும் முறையையே பொறியாகக் கொண்ட நான்காம் வகை ஒன்றும் உண்டு; பொத்தானை அழுத்தியவுடன் வில்லின் விசையால் பாய்ந்து திறப்பதும், பிடியைக் கவிழ்த்தாலோ வீசினாலோ அலகு தானாக வெளிவந்து பூட்டிக்கொள்வதும் அவ்வகையைச் சேர்ந்தவை.

உராய்வால் நிற்கும் வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, 1890களில் ஜப்பானின் மிகி நகரக் கொல்லர்களிடம் உருவான ஹிகோனோகாமி ஆகும். மடித்த தகட்டால் ஆன அதன் பிடியில் வில்லும் இல்லை, பூட்டும் இல்லை, அலகடியிலிருந்து நீளும் சிறு நெம்புகோலைக் கட்டைவிரல் அழுத்திப் பிடித்திருப்பதால்தான் அலகு மடங்காமல் நிற்கிறது. முதுகுவில் வகையில், பிடியின் முதுகோரமாகப் பொருத்தப்பட்ட எஃகுப் பட்டை ஒன்று அலகடியின் தட்டையான பக்கத்தை அழுத்திக்கொண்டிருக்கும். அந்த அழுத்தத்தைக் கை வலிமையால் வென்றால் அலகு மடங்கும். ஷெஃபீல்டு நகரத்துப் பேனாக்கத்திகளும், சுவிட்சர்லாந்தின் இபாக் ஊரில் 1884இல் பட்டறை தொடங்கிய கார்ல் எல்செனர் 1897இல் பதிவுசெய்த அதிகாரிகளின் கத்தியும் இந்த அமைப்பைக் கொண்டவை. பூட்டு வகையில் அலகை மடக்க வேண்டுமானால் முதலில் பூட்டைத் தனியே விடுவிக்க வேண்டும். 1964இல் அமெரிக்காவின் பக் நிறுவனம் கொண்டுவந்த 110 என்ற வேட்டைக்கத்தி முதுகுப்பூட்டைப் பரவலாக்கியது, 1980களில் மைக்கேல் வாக்கர் என்ற கத்திக் கலைஞர் செம்மைப்படுத்திய தகட்டுப்பூட்டு இன்றைய கத்திகளில் பெரும்பான்மையானவற்றுக்கு வழிகாட்டியது.

இந்த வேறுபாடுகளின் பொருள் கையில்தான் விளங்கும். உராய்வுக் கத்தியும் முதுகுவில் கத்தியும் வெட்டுவாயை வேலைப்பொருளின்மேல் அழுத்தும்வரை பாதுகாப்பானவை, ஏனெனில் அந்த அழுத்தம் அலகைத் திறந்த நிலையை நோக்கியே தள்ளுகிறது. ஆனால் முனையால் துளையிட முயலும்போதோ, ஆழமாகச் சிக்கிய அலகை அசைத்து இழுக்கும்போதோ, விசை எதிர்த்திசையில் பாய்ந்து அலகு விரல்களின்மேல் மடங்கக்கூடும். பூட்டுக் கத்தி அந்த ஆபத்தைப் பெரிதும் குறைக்கிறது, எனினும் முற்றாக நீக்குவதில்லை. தேய்ந்த பூட்டும் அழுக்கடைந்த பூட்டும் நம்பிக்கை தந்துவிட்டுக் கைவிடுபவை என்பதால், பூட்டே இல்லாத கத்தியைவிட அவை அதிகக் கவனத்தைக் கேட்கின்றன.

உரிமை, மாற்றியமைப்பு, சுமத்தல் ஆகிய மூன்றையும் ஒரே கத்தியை வைத்து விளக்க வேண்டுமானால், பிரான்சு நாட்டின் சவோய் மலைப்பகுதியில் பிறந்த ஓப்பினெல் கத்தியைவிடப் பொருத்தமானது வேறில்லை. உழவுக் கருவிகளும் கோடரிகளும் அடித்துத்தரும் கொல்லர் குடும்பத்தில் 1872இல் பிறந்த ஜோசஃப் ஓப்பினெல், 1890இல், தம் பதினெட்டாம் வயதில், மலையூர் உழவரின் பைக்கு ஏற்ற எளிய மடக்குக் கத்தி ஒன்றை வடிவமைத்தார்; 1897இல் அது 1 முதல் 12 வரை எண்ணிடப்பட்ட பன்னிரண்டு அளவுகளாக விரிந்தது. உருண்டு திரண்ட பீச் மரப் பிடி, அதில் வாளால் அறுத்த ஒரு பிளவு, ஓர் அலகு, ஒரு சுழலாணி, பிடியின் கழுத்தைச் சுற்றிய ஓர் உலோக வளையம் என மிக எளிய அமைப்பில் அந்தக் கத்தி முடிந்துவிட்டது. அலகில் பொறிக்கப்படும் முடிசூடிய கை முத்திரையில், கை சான்-ஜான்-த-மோரியென் நகரச் சின்னத்திலிருந்தும், முடி சவோய் கோமரபின் நினைவாகவும் எடுக்கப்பட்டவை.

இக்கத்தியின் வரலாற்றில் இம்மடலுக்கு மிகவும் வேண்டிய ஆண்டு 1955 ஆகும். அதுவரை மரத்தின் இறுக்கத்தால் மட்டும் நின்ற அலகுக்கு, ஜோசஃபின் மகன் மார்செல் ஓப்பினெல் அவ்வாண்டில் விரோப்ளாக் எனப்படும் பூட்டு வளையத்தைச் சேர்த்தார்; கழுத்தில் நிலையாக இருக்கும் வளையத்தின்மேல் பிளவுடைய இன்னொரு வளையம் சுழலும்படி அமைத்து, அந்தப் பிளவைத் திருப்பிவிட்டால் அலகு மடங்க வழியில்லாமல் செய்தது அவருடைய தீர்வு. 2000ஆம் ஆண்டு முதல் அதே வளையம், மூடிய அலகு பைக்குள் தானே திறந்துகொள்ளாமலும் தடுக்கும்படி மேம்படுத்தப்பட்டது. 6ஆம் எண்ணும் அதற்கு மேற்பட்டவையும் இவ்வளையத்தைப் பெற்றிருக்க, 2 முதல் 5 வரையிலான சிறிய அளவுகள் இன்றும் உராய்வை மட்டுமே நம்பி நிற்கின்றன. ஆக, பார்வைக்கு ஒரே வடிவமுடைய ஒரே நிறுவனத்துக் கத்திகள் பொறியால் இரு வகைகளாகப் பிரிகின்றன. இந்தப் பிரிவு நீதிமன்றத்தில் எவ்வளவு பெரிய பிரிவாகிறது என்பது பின்னர் விளக்கப்படும்.

கத்தியை வைத்திருப்பது என்பது விலை கொடுத்து வாங்கியதோடு முடிவதில்லை. பராமரிப்பே உரிமையின் முதற்பகுதி. ஓப்பினெல் கத்தி இருவகை எஃகில் கிடைக்கிறது. ஏறத்தாழ 0.9 விழுக்காடு கார்பன் கொண்ட எஃகு சாணையை எளிதில் ஏற்றுக் கூர்மையடையும், ஆனால் ஈரத்தில் துருப்பிடிக்கும். 12சி27 என்ற சுவீடன் நாட்டு எஃகில் குரோமியம் ஏறத்தாழ 13.5 விழுக்காடு இருப்பதால் துரு எளிதில் அண்டாது. எந்த எஃகாயினும் பிடி மரமே என்பதால், கத்தியை நீரில் ஊறவிட்டால் மரம் பருத்து அலகைக் கவ்விக்கொள்ளும். அவ்வாறு கவ்விய அலகைப் பல்லாலோ நகத்தாலோ இழுப்பதைவிட, பிடியின் அடிமுனையைக் கட்டையின்மேல் மெல்லத் தட்டி அலகை வெளிவரச் செய்வது சவோய் மக்களின் பழைய பழக்கம். பயன்படுத்திய பின் துடைத்து உலர்த்துவதும், சுழலாணியில் ஒரு துளி எண்ணெய் இடுவதும், பூட்டு வளையத்தின் இடுக்கில் சேரும் துகள்களை நீக்குவதும் சில நிமிட வேலைகளே என்றாலும், பூட்டு பூட்டாகவே நீடிப்பது அவற்றால்தான்.

சாணை பிடித்தலும் பராமரிப்பே. அலகைக் கல்லின்மேல் ஒரு பக்கத்திற்கு ஏறத்தாழ 20 பாகைச் சாய்வில் வைத்து, அடி முதல் முனை வரை ஒரே சீராகத் தேய்க்கும்போது, மறுபக்க விளிம்பில் பிசிறு எனப்படும் மெல்லிய உலோக இழை எழும். அது விளிம்பு முழுவதும் எழுந்த பிறகு பக்கம் மாற்றித் தேய்த்து, இறுதியில் தோல்பட்டையில் உருவி அதை நீக்கினால் வெட்டுவாய் தேறும். மழுங்கிய கத்தியால் வெட்டுபவர் கூடுதல் அழுத்தம் கொடுக்கிறார். கூடுதல் அழுத்தம் அலகை வழுக்கச் செய்கிறது. வழுக்கிய அலகு பூட்டையும் விரலையும் ஒருசேரச் சோதிக்கிறது. எனவே கூர்மை என்பது பாதுகாப்புக்கு எதிரானதன்று, பாதுகாப்பின் ஒரு பகுதியே ஆகும்.

பராமரிப்பைக் கடந்து மாற்றியமைப்புக்கு வரும்போது, செய்யத்தக்கவற்றையும் செய்யத்தகாதவற்றையும் பிரிக்கும் கோடு, அலகைத் தாங்கும் பொறியைச் சுற்றியே வரையப்பட வேண்டும். பொறியைத் தொடாத மாற்றங்கள் உரிமையாளரின் கைத்திறனுக்கு நல்ல பயிற்சிகள். பீச் மரப் பிடியை அரத்தால் இழைத்துத் தம் உள்ளங்கைக்கு ஏற்றபடி ஒடுக்குவதும், அதில் செதுக்கல் செய்வதும், ஆளிவிதை எண்ணெயைப் பலமுறை பூசி உலர்த்தி ஈரத்தைத் தாங்கும்படி செய்வதும் அவற்றுள் அடங்கும். ஆளிவிதை எண்ணெய் உலரும்போது காற்றோடு வினைபுரிந்து வெப்பம் வெளியிடுவதால், எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானே தீப்பற்றக்கூடும் என்பதையும், துணியை விரித்து உலர்த்திய பின்னரே அகற்ற வேண்டும் என்பதையும் இங்குக் குறிப்பிட்டாக வேண்டும். கார்பன் எஃகு அலகை வினிகரில் சிறிது நேரம் இட்டுக் கருஞ்சாம்பல் நிறப் படலம் ஒன்றை வருவித்துக்கொள்வதும் பலர் செய்வதே. அப்படலம் செந்துருவின் வேகத்தைத் தணிக்கும், அலகின் வலிமையைக் குறைக்காது.

அலகையே சுருக்குவதும் அதன் வடிவத்தை மாற்றுவதும் இவற்றைவிடக் கடினமானவை. கத்தியின் எஃகு, செஞ்சூட்டிலிருந்து சட்டெனக் குளிர்விக்கப்பட்டு மிகக் கடினமாகவும் நொறுங்குவதாகவும் ஆனபின், ஏறத்தாழ 200 பாகை செல்சியசுக்கு மீண்டும் சூடாக்கப்பட்டு, கடினத்தோடு தாங்குதிறனும் சேர்ந்த நிலைக்குக் கொண்டுவரப்படுகிறது. கொல்லர் வழக்கில் பதம் என்பது இந்த நிலையே. மின்சாணைச் சக்கரத்தில் அலகை அழுத்திப் பிடிக்கும்போது மெல்லிய விளிம்பு நொடிகளில் அந்த வெப்பத்தைத் தாண்டிவிடுகிறது. கார்பன் எஃகில் வைக்கோல் நிறம் தோன்றினால் வெப்பம் 220 பாகையை ஒட்டியும், நீலநிறம் தோன்றினால் 300 பாகையை ஒட்டியும் சென்றிருக்கிறது என்று கொள்ளலாம். நீலம் பாய்ந்த இடம் பதமிழந்த இடம், அங்கு எத்தனை முறை சாணை பிடித்தாலும் கூர்மை நிலைக்காது. அடிக்கடி நீரில் தோய்த்து, வெறுங்கையால் பிடிக்க முடிந்த சூட்டிற்குள்ளேயே தேய்க்கப் பொறுமை உள்ளவர் மட்டுமே இவ்வேலையில் இறங்கலாம்.

பொறியின்மேல் அரம் வைப்பது வேறு வகையான செயல். தகட்டுப்பூட்டில், பிடியின் உட்புறத் தகடு ஒன்றின் முனை வளைந்து வந்து அலகடியின் பின்னால் முட்டுக்கொடுக்கிறது. அந்த இரு பரப்புகளும் சந்திக்கும் கோணம் மில்லிமீட்டரின் சிறு பின்னங்களில் கணக்கிடப்பட்டது. பூட்டு இறுக்கமாக இருக்கிறதென்று அம்முனையைத் தேய்ப்பவர், அழுத்தம் வந்தவுடன் முட்டு நழுவும் கத்தி ஒன்றைத் தம் கையாலேயே செய்துகொள்கிறார். அதே தகட்டில் பதிக்கப்பட்ட சிறு எஃகுக் குண்டு, மூடிய அலகைப் பிடிக்குள் நிறுத்தி வைப்பது. அலகு விரைந்து திறக்க வேண்டும் என்று அதன் பிடிமானத்தைக் குறைத்தாலோ, சுழலாணியின் திருகைத் தளர்த்தினாலோ, கத்தி பைக்குள்ளேயே திறந்து தொடையைக் கிழிக்கக்கூடும். அத்தோடு, மணிக்கட்டின் வீச்சுக்கே அலகு வெளிவந்து பூட்டிக்கொள்ளுமானால், அக்கத்தி மூன்றாம் வகையிலிருந்து நான்காம் வகைக்கு மாறிவிடுகிறது. அந்த மாற்றம் கைவினையின் எல்லையிலிருந்து குற்றவியல் சட்டத்தின் எல்லைக்குள் நுழைவதாகும்.

பிரித்தானியச் சட்டம் இதற்குத் தெளிவான சான்று. அந்நாட்டில் தமிழர் பெருமளவில் வாழ்வதாலும், தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் படிக்கவும் வேலைசெய்யவும் செல்வோர் தொடர்வதாலும் அச்சட்டத்தை அறிந்துகொள்வது இம்மடலைப் படிப்போர் பலருக்கு நேரடித் தேவையும் ஆகிறது. இங்கிலாந்திலும் வேல்சிலும் நடைமுறையில் உள்ள 1988ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம், அதன் 139ஆம் பிரிவில், பொது இடத்தில் அலகோ கூர்முனையோ உடைய பொருளை நல்ல காரணமின்றிச் சுமப்பதைக் குற்றமாக்கி, அதற்கு நான்காண்டு வரை சிறை விதிக்க இடமளிக்கிறது. இவ்விதியிலிருந்து விலக்கப்பட்டது, வெட்டுவாய் 3 அங்குலத்தை, அதாவது 7.62 சென்டிமீட்டரை மீறாத மடக்குப் பைக்கத்தி மட்டுமே. பூட்டுள்ள கத்தி இந்த விலக்குக்குள் வருமா என்ற கேள்வி ஹாரிஸ் வழக்கில் எழுந்தபோது, மடக்குக் கத்தி எனப்படுவது எந்நேரமும் மடக்கும் செயல் ஒன்றினாலேயே மடங்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்றும், பொத்தானையோ வேறு பொறியையோ விடுவித்த பின்னரே மடங்குவது அவ்வகையில் சேராது என்றும் நீதிமன்றம் தீர்மானித்தது. அதன்படி, அலகு எவ்வளவு சிறியதாயினும் பூட்டுடைய கத்தியைக் காரணமின்றிச் சுமக்க முடியாது.

இந்த அளவுகோலை ஓப்பினெல் கத்தியின்மேல் வைத்துப் பார்த்தால் பொறியை அறிவதன் பயன் விளங்கும். மிகப் பரவலாக விற்கும் 8ஆம் எண் கத்தியின் அலகு 8.5 சென்டிமீட்டர், அது பூட்டு வளையமும் உடையது, எனவே நீளத்தாலும் பூட்டாலும், இரண்டு வகையிலும் விலக்குக்கு வெளியே நிற்கிறது. வளையத்தைக் கழற்றி எறிந்துவிட்டால் சட்டத்திற்குப் பொருந்திவிடும் என்று எண்ணுபவர், நீளம் அப்படியே இருப்பதை மறந்துவிடுகிறார். அத்துடன், விரலைக் காத்த ஒரே பொறியையும் இழந்துவிடுகிறார். 5ஆம் எண் கத்தியோ 6 சென்டிமீட்டர் அலகுடையது, பூட்டற்றது. எந்த மாற்றமும் வேண்டாமல் விலக்குக்குள் அடங்குவது. பெரிய கத்தியை அறுத்தும் சிதைத்தும் சட்டத்துக்குள் திணிப்பதைவிட, சட்டத்துக்குள் அடங்கும் சிறிய கத்தியைத் தேர்ந்து அதைக் கூர்மையாக வைத்திருப்பது அறிவுடைமை. விலக்குக்குள் அடங்கிய கத்தியும்கூட, பிறரைக் காயப்படுத்தும் நோக்கத்தோடு சுமக்கப்பட்டால் 1953ஆம் ஆண்டின் குற்றத்தடுப்புச் சட்டத்தின்படி ஆயுதமாகிவிடுகிறது. தெருவில் யாரேனும் தாக்கக்கூடும் என்ற பொதுவான அச்சத்தால் தற்காப்புக்காக வைத்திருப்பதாகச் சொல்வது அங்கு நல்ல காரணமாக ஏற்கப்படுவதில்லை.

பணிக்குத் தேவைப்படுவது நல்ல காரணங்களுள் ஒன்றாகச் சட்டத்திலேயே குறிப்பிடப்பட்டுள்ளது. சமயக் காரணமும் தேசிய உடையின் பகுதியாக அணிதலும் மற்ற இரண்டு. ஆனால் அந்தக் காரணம் கத்திக்கு நிலையாகத் தரப்பட்ட உரிமம் அன்று, குறிப்பிட்ட இடத்திற்கும் நேரத்திற்கும் உரியது. கிடங்கில் பெட்டி திறக்கவும் சமையற்கூடத்தில் வேலைசெய்யவும் வைத்திருக்கும் கத்தி, வேலையிடத்திற்குச் செல்லும் வழியில் காரணமுடையது. விடுமுறை நாளின் இரவில் அதே சட்டைப்பையில், அல்லது வண்டியின் முன்பெட்டியில் கிடக்குமானால், மறந்துவிட்டதாகச் சொல்வது மட்டுமே தப்பிக்கப் போதாது. 1959இல் தடைசெய்யப்பட்ட பாய்ந்து திறக்கும் கத்திகளையும் வீச்சில் திறந்து பூட்டும் கத்திகளையும் பொறுத்தவரை நிலைமை இன்னும் கடுமையானது. அவற்றைத் தயாரித்தல், விற்றல், இரவல் தருதல், பரிசளித்தல் ஆகியவை முன்பே குற்றமாயிருக்க, 2019ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 2021 ஜூலை 14 முதல் வீட்டுக்குள் வைத்திருப்பதையும் குற்றமாக்கியது. தம் வீட்டு மேசையில் சுழலாணியைத் தளர்த்தி வீச்சில் திறக்கும் கத்தியைச் செய்பவர், தாம் அத்தகைய கத்தி ஒன்றைத் தயாரித்திருக்கிறார் என்று குற்றம் சாட்டப்படக்கூடும் என்பதை உணர வேண்டும்.

பொறியைப் பார்க்கும் இந்தப் பார்வை பிரித்தானியாவுக்கு மட்டும் உரியதன்று. ஜெர்மனி 2008இல் தன் ஆயுதச் சட்டத்தில் சேர்த்த விதி, ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்திகளைத் தக்க தேவையின்றிச் சுமப்பதைத் தடுக்கிறது. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டமும் 2016ஆம் ஆண்டின் விதிகளும் 9 அங்குலத்தைவிட நீண்ட, அல்லது 2 அங்குலத்தைவிட அகன்ற அலகுகளையே பொதுவாகக் கருத்தில் கொண்டு, வீட்டுக்கும் உழவுக்கும் அறிவியலுக்கும் தொழிலுக்கும் ஆனவற்றை விலக்கியுள்ளன. ஆயினும் 1980இல் தில்லி நிர்வாகம் வெளியிட்ட அறிவிக்கை, பொத்தானாலோ வில்லாலோ வேறு பொறியாலோ இயங்கும் கத்தி, 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் எட்டினாலே கட்டுப்பாட்டுக்குள் வரும்படி செய்தது. நீளத்தை மட்டும் நினைவில் வைத்திருப்பவர் 9 அங்குலம் என்ற பெரிய எண்ணை நம்பிப் பட்டன் கத்தியோடு தில்லி செல்வாரானால், பொறியை அறியாததன் விலையை அங்குக் கொடுக்க நேரிடும்.

இச்சட்டங்கள் கருவியைச் சுமப்போருக்கு அநீதி செய்வதும் உண்டு என்ற மறுப்பை இம்மடல் புறக்கணிக்கவில்லை. நியூயார்க் மாநிலத்தில் வீச்சில் திறக்கும் கத்திகளுக்கு எதிரான பழைய சட்டம், கடையில் வெளிப்படையாக விற்ற சாதாரணப் பூட்டுக் கத்திகளின்மேலும் பாய்ந்தது. காவலர் மணிக்கட்டை வீசிப் பார்த்து அலகு திறந்துகொண்டால் போதும், கட்டடத் தொழிலாளரும் சுமைதூக்குவோரும் குற்றவாளிகளாயினர். நீண்ட போராட்டத்திற்குப் பின் 2019இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. நீதிக்குப் புறம்பான விதியை மாற்றும் வழி இதுவே: உரிமையாளர்கள் தம் கருவியின் பொறியைச் சட்டமன்றத்துக்கும் நீதிமன்றத்துக்கும் தெளிவாக விளக்கி, உழைப்பின் கருவியையும் தாக்குதலின் ஆயுதத்தையும் பிரித்துக்காட்ட வேண்டும். தம் கத்தியையே விளக்கத் தெரியாதவர் அந்த வாதத்தை முன்வைக்க முடியாது.

அவ்வாறு விளக்குவோர் இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதற்கு ஹிகோனோகாமி சான்றாகிறது. ஒரு தலைமுறை முழுவதும் ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவிய கத்தி அது. 1960 அக்டோபரில் சோசலிசக் கட்சித் தலைவர் இனெஜிரோ அசனுமா தோக்கியோ மேடையில் ஒரு பதினேழு வயது இளைஞனின் குறுவாளுக்கு இரையானபோது, பிள்ளைகளின் கையில் எந்தக் கத்தியும் வேண்டாம் என்ற இயக்கம் நாடெங்கும் எழுந்தது. கொலைக்கருவி ஹிகோனோகாமி அன்று. எனினும், அச்சம் பொறிகளைப் பிரித்துப் பார்ப்பதில்லை. பென்சில் சீவும் இயந்திரங்களும் பரவிய அக்காலத்தில் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, மரபு முறையில் அப்பெயரைத் தாங்கும் கத்தியைச் செய்யும் பட்டறை மிகியில் ஒன்றே எஞ்சியது. இளம் உயிர்கள் கத்தியால் பறிபோகும் நகரங்களில் பெற்றோரின் அச்சம் உண்மையானது, மதிக்கத்தக்கது. அந்த அச்சத்துக்குமுன் பொறுப்பின்றி நடந்துகொள்ளும் ஒவ்வோர் உரிமையாளரும், கருவியை நேர்மையாகப் பயன்படுத்தும் அனைவரின் உரிமையையும் சுருக்குகிறார்.

ஆகவே, மடக்குக் கத்தி உரிமையாளர்களிடம் கீழ்க்காணும் வேண்டுகோள்கள் உறுதியாக முன்வைக்கப்படுகின்றன. முதலாவதாக, ஒவ்வொருவரும் தம் கத்தி உராய்வால் நிற்பதா, முதுகுவில்லால் நிற்பதா, பூட்டால் நிற்பதா என்பதைத் திறந்து பார்த்துத் தெரிந்துகொண்டு, வெட்டுவாயின் நீளத்தை அளவுகோலால் அளந்து குறித்து வைக்க வேண்டும். இரண்டாவதாக, பிடியையும் மேற்பரப்பையும் விரும்பியவாறு மாற்றியமைப்போர், பூட்டின் முட்டுப்பரப்பையும் சுழலாணியின் இறுக்கத்தையும் உற்பத்தியாளர் வகுத்த நிலையிலேயே விட வேண்டும். தேய்ந்த பூட்டைத் தாமே சீர்செய்ய முயலாமல் தேர்ந்த பணியாளரிடம் ஒப்படைக்க வேண்டும். மூன்றாவதாக, வேலை முடிந்ததும் கத்தி பையிலிருந்து பெட்டிக்குச் செல்லும் பழக்கம் நிலைபெற வேண்டும்; பயணத்திற்கு முன் செல்லும் நாட்டின், நகரத்தின் சட்டம் படிக்கப்பட வேண்டும்; விமானத்தில் செல்வோர் அதை உறையிட்டுப் பதிவுப்பெட்டியில் மட்டுமே வைக்க வேண்டும். நான்காவதாக, தற்காப்புக்கு என்ற எண்ணத்தோடு எவரும் கத்தியைச் சுமக்கலாகாது. அந்த எண்ணம் தோன்றிய கணத்திலேயே கருவி ஆயுதமாகிவிடுகிறது. ஐந்தாவதாக, இளையோருக்குக் கத்தி தருபவர், கத்தியோடு அதன் பொறியையும், சாணை பிடிக்கும் முறையையும், எங்கே அதை எடுத்துச் செல்லக் கூடாது என்பதையும் சேர்த்தே கற்பித்துத் தர வேண்டும்.

இவை கடினமான கடமைகள் அல்ல. ஒரு மாலைப்பொழுதின் கவனமும், ஓர் அளவுகோலும், சட்டத்தின் சில பக்கங்களும் போதும். இவற்றைச் செய்து முடித்த உரிமையாளர், காவலர் கேட்டாலும், நீதிபதி கேட்டாலும், தம் பிள்ளை கேட்டாலும், கையிலிருக்கும் கத்தி எதற்கானது, எவ்வாறு நிற்கிறது, ஏன் இப்போது தம்மிடம் இருக்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் தயக்கமின்றி விடை சொல்ல முடியும். அந்த விடைகளைச் சொல்ல இயலாதவரை, கத்தியை வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்லுமாறு இம்மடல் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறது.